மரத்துக்குப் பின்னால் முப்பத்தொரு பேர்

எங்கள் ஹாசோங் மாவட்டத்துப் போர் வீரர் நினைவுப் பூங்காவில் செத்துப்போனவர்களைவிட மரம் நட்டவர்களுக்குத்தான் மரியாதை அதிகம். வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. ஆறு வருஷம் அங்கே விளக்குமாறு பிடித்தவள் நான், அளந்து பார்த்துத்தான் சொல்கிறேன். கொரியப் போருக்குப் போய்ச் செத்தவன் பெயர் கல்லில் என் சுண்டுவிரல் நகத்தளவு. மரம் நட்ட பெரிய மனிதர் பெயர் மரத்தடிக் கல்லில் என் உள்ளங்கை அளவு. செத்தவன் பெயரில் தூசி படிந்தால் மழை வந்து கழுவினால்தான் உண்டு. நட்டவர் பெயருக்கோ ஒவ்வொரு வருஷமும் ஜூன் ஆறாம் தேதி அஞ்சலி நாளுக்கு முன்னால் நான் மண்டி போட்டு உட்கார்ந்து, மெல்லிய தூரிகையால் எழுத்து எழுத்தாக வெள்ளைப் பெயின்ட் அடிக்க வேண்டும்.

அப்படிப் பதினேழு மரங்கள். நட்டது என்றால் என்ன? கிரேன் ஏற்கெனவே குழியில் இறக்கி நிறுத்தின மரத்துக்கு, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு மூன்று மண்வெட்டி மண் போட்டது. அந்த மூன்றாவதும் போட்டோக்காரர் கேட்டதால். மரங்களுக்கு நட்டவர்களைப் போல உடம்பு கெட்டி இல்லை. பாதிக்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் பட்டுப்போயின. பெரிய மனிதர் நட்டது பட்டுப்போனது என்று வெளியே தெரியலாமா? பூங்காவுக்கு விடுமுறையான திங்கட்கிழமைகளில் லாரி வரும். பழையதைப் பிடுங்கும், புதியதை நடும், போய்விடும். கல் மட்டும் அதே கல். நாடாளுமன்ற உறுப்பினர் நட்டது மேப்பிள் என்று கல் சொல்கிறது. அங்கே நிற்பது செர்ரி. இத்தனை வருஷத்தில் ஒரு ஆள் கேட்கவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இந்தப் பூங்காவில் யாரும் எதையும் படிப்பதில்லை என்று. நான் உட்பட.

மீதியில் தளதளவென்று நின்றது ஒரே மரம்தான். மாவட்டத் தலைவர் குக் தேயில் நட்ட குடைப் பைன். அடியிலிருந்தே பத்துப் பன்னிரண்டு கிளையாகப் பிரிந்து குடை விரித்த மாதிரி பரவும் ஜாதி. பூங்காவில் செத்தவர்களின் பெயர்க் கற்கள் நான்கு. நான்காவது கல்லுக்கு நேர் முன்னால், அரை மீட்டர்கூட இடைவெளி இல்லாமல் அதை நட்டிருந்தார்கள். எட்டு வருஷத்தில் அது கல்லை முழுதாக விழுங்கிவிட்டது. சுற்றிலும் சிவப்புக் கயிறு, 'தொடாதீர்கள்' என்று பலகை.

மாவட்டச் செய்தித்தாளில் அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதினார்கள். 'நட்டவர் மனம் அறிந்த மரம்' என்று தலைப்பு. குக் தேயிலின் உள்ளன்பால்தான் மரம் இப்படி வளர்கிறதாம். அவர் மூன்றாவது முறையும் ஜெயித்ததற்கு இந்த மரத்துக்கும் பங்கு உண்டு என்று ஊரில் பேச்சு. வெளியூரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு வந்து மரத்தடியில் நிறுத்திவிடுவார்.

உள்ளன்பாவது ஒன்றாவது. மக்கொல்லி! பைன் மரத்துக்கு அரிசிக் கள் ஊற்றினால் செழிக்கும் என்பது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். நான் மாதம் ஒரு தடவை பத்து பாட்டில் மக்கொல்லியைத் தண்ணீரில் கலந்து வேரைச் சுற்றி ஊற்றுவேன். எனக்கு வருஷ ஒப்பந்த வேலை; டிசம்பரில் புதுப்பிப்பார்கள். முதல் வருஷமே நலத்துறையில் சொல்லிவிட்டார்கள்: "யோம் அம்மா, மத்ததெல்லாம் எப்படியோ போகட்டும். அந்தப் பைன் மட்டும் பட்டுப்போச்சுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது." ஆகவே ஊற்றினேன். என் வீட்டுக்காரருக்குக்கூட நான் இவ்வளவு ஊற்றிக் கொடுத்ததில்லை.

அந்த மரத்துக்கு ஊற்றிய இன்னொரு ஆள் பியோன் குமயே அம்மா.

எண்பத்திரண்டு வயது. முதுகு பாதியாக மடங்கினவர். ஒவ்வொரு வருஷமும் சந்திரக் கணக்கில் ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள், தேகு நகரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். செத்த நாள் தெரியாதவர்களுக்கு அன்றைக்குத்தானே படையல். அவருடைய அண்ணன் பியோன் சாங்தே பத்தொன்பது வயதில் போருக்குப் போனவர். உடம்பும் வரவில்லை, தேதியும் வரவில்லை. நான்காவது கல் அப்படிப்பட்ட முப்பத்தொரு பேருக்காக வைத்தது. பூங்காவின் கையேட்டில் தெளிவாகப் போட்டிருக்கிறது: நான்காம் கல், இரண்டாம் வரிசை, ஏழாவது பெயர், பியோன் சாங்தே.

முதல் தடவை வந்தபோது கேட்டார், "என் அண்ணன் பேரு இதுல இருக்காம்மா?"

கையேட்டைப் புரட்டினேன். "இருக்கும்மா. நாலாவது கல்லு. மரத்துக்குப் பின்னால."

"நீ பாத்திருக்கியா?"

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பாக்காம என்ன? தினமும் பாக்கறேன். துணி வச்சுத் தொடைக்கிறதே நான்தானே," என்றேன். அந்த மரத்துக்குள் நான் தலையை நீட்டினதுகூட இல்லை. இவ்வளவு தூரம் வந்த கிழவிக்கு ஒரு நல்ல வார்த்தை, அவ்வளவுதான். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்கப்புறம் அந்தப் பொய்யை எப்படித் திரும்ப வாங்குவது?

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் கயிற்றுக்கு வெளியே பாய் விரித்து, சோறு, மாட்டுக்கறி சூப், கீரை, உலர்ந்த மீன் எல்லாம் பரப்பி, மரத்தைப் பார்த்துக் கும்பிட்டு, கிண்ணம் கிண்ணமாக மக்கொல்லியை மரத்தடியில் ஊற்றிவிட்டுப் போவார். புயல் அடித்தால் போன் வரும். "காத்துல கல்லுக்கு ஒண்ணும் ஆகலியே? பேரு இருக்கா?" நான் டிவி பார்த்துக்கொண்டே சொல்வேன், "இருக்கும்மா, இப்பதான் பாத்துட்டு வந்தேன்." ஆறு வருஷம் இப்படியே ஓடியது.

இந்த வருஷம் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அவர் முகத்தில் ஒரு களை. பாயைக்கூட விரிக்கவில்லை. கழுத்தில் தொங்கின கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியும்," என்றார்.

"என்னம்மா சொல்றீங்க?"

"எங்க பேட்டையில கிழவிங்களுக்குப் பள்ளிக்கூடம் வச்சிருக்காங்க. ரெண்டு வருஷமாப் போறேன். வாத்தியாரம்மா கேட்டுச்சு, படிக்கத் தெரிஞ்சதும் மொதல்ல என்ன படிக்கப் போறீங்கன்னு. ஒருத்தி பஸ்ஸு போர்டுன்னா. ஒருத்தி புருஷன் யாருக்கோ எழுதி வச்ச காயிதம்னா. அதைப் படிச்சுட்டு இப்ப அந்த ஆளோட சமாதிக்கே போறதில்ல. நான் சொன்னேன், எங்கண்ணன் பேருன்னு. விலக்கி விடும்மா அந்தக் கிளைய."

"கயிறு கட்டியிருக்கும்மா. மேல கேக்கணும்," என்றேன்.

"கேளு. நான் இருக்கேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சூப் இருந்த பாத்திரத்தைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார், ஆறிவிடக் கூடாதென்று.

நலத்துறைக்குப் போன் போட்டேன். கல் எங்களுடையது, மரம் பசுமைத் துறையுடையது என்றார்கள். பசுமைத் துறையில், மரம் எங்களுடையதுதான், ஆனால் மரத்தடிப் பெயர்க் கல் வைத்திருப்பதால் தலைவரின் செயலகத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். செயலகத்தில் ஒரு பெண் பிள்ளை, "கிளையை எத்தனை சென்டிமீட்டர் விலக்கணும்?" என்று கேட்டது. "ஒரு கெழவி தலை போற அளவு," என்றேன். எழுத்து மூலம் விண்ணப்பம் கொடுத்தால் பதினான்கு வேலை நாளில் பதில் வருமாம்.

"என்ன சொல்றாங்க?" என்று குரல் கொடுத்தார் குமயே அம்மா.

"பதினாலு நாள் ஆகுமாம்."

"எழுபத்தஞ்சு வருஷத்தோட பதினாலு நாளு. அதுவும் வேலை நாளா? ஞாயித்துக்கெழமை சேராதா?"

அந்த நேரம் பார்த்து நலத்துறைத் தம்பி தோ ஹியோங்யூ ஓடி வந்தான். முப்பத்து மூன்று வயசு, நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளையாக இருப்பதே அவனுக்கு வியாதி. என் போன் வந்ததால் இல்லை, இரண்டு மணிக்குத் தலைவர் பக்கத்து மாவட்ட உறுப்பினர்களைக் கூட்டிக்கொண்டு மரத்தைக் காட்ட வருகிறார் என்பதால் வந்தான். கையில் ஒரு பெட்டி வெள்ளைக் கையுறை.

"யோம் அம்மா, யோம் அம்மா, மரத்தைச் சுத்தி ஈரத்துணியால தொடைச்சீங்களா? ஊசியிலையில தூசு இருக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. இவங்க யாரு? பாயையும் பாத்திரத்தையும் எடுக்கச் சொல்லுங்க. உள்ள சாப்பாடு கூடாதுன்னு போர்டு இருக்கே!"

"இது சாப்பாடு இல்ல. படையல்," என்றார் குமயே அம்மா.

"ஆனா பாத்தா சாப்பாடு மாதிரித்தானே இருக்கு, பாட்டி."

"செத்தவன் தின்னா படையல். நீ தின்னா சாப்பாடு. வேணும்னா அப்புறம் தர்றேன், மெலிஞ்சு கெடக்குற. இப்ப இந்தக் கிளைய விலக்கு, எங்கண்ணன் பேரப் படிக்கணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் மரத்தைப் பார்த்தேன். "பாட்டி, இன்னைக்கு மட்டும் முடியாது. மூணு மணிக்கு மேல வாங்களேன்," என்றான் கெஞ்சி.

"மூணு மணிக்குக் கடைசி பஸ்ஸு. அடுத்த வருஷம் நான் இருப்பனோ இல்லையோ. இருந்தாலும் கண்ணு இருக்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. எனக்குத் தெரிஞ்ச எழுத்த இந்தக் கண்ணு இருக்கறப்பவே பாக்கணும்."

சொல்லிவிட்டுப் பதில் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. சூப்புப் பாத்திரத்தை பெஞ்சில் வைத்தார். மடங்கின முதுகை இன்னும் மடக்கி, கயிற்றுக்கு அடியில் புகுந்து, முழங்காலிட்டு மரத்துக்குள் ஊர்ந்து போக ஆரம்பித்தார். ஊசியிலை முகத்தில் குத்தியது. கண்ணாடி ஒரு கிளையில் மாட்டிக்கொண்டு கழன்றது. தலை உள்ளே, உடம்பு வெளியே, அதற்குமேல் நகர முடியவில்லை. "ஒண்ணும் தெரியலியே," என்ற குரல் மட்டும் உள்ளேயிருந்து வந்தது. "இருட்டா இருக்கு. எங்கம்மா ரெண்டாவது வரிசை?"

அந்த மரத்தை இவ்வளவு அடர்த்தியாக வளர்த்தது யார்? மாதம் பத்து பாட்டில் ஊற்றினது யார்? டிசம்பர், ஒப்பந்தம், சம்பளம் எல்லாம் மனசுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தது. பிறகு கொட்டகைக்குப் போய்க் கிளை அறுக்கும் ரம்பத்தை எடுத்து வந்தேன்.

"யோம் அம்மா! என்ன பண்றீங்க!"

"கவாத்து பண்றேன் தம்பி. சீசன்தானே?"

"அக்டோபர்ல யாரும்மா பைனைக் கவாத்து பண்ணுவாங்க!"

"அப்ப கண்ண மூடிக்க."

அவன் நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டான். நான் குமயே அம்மாவை இடுப்பைப் பிடித்து வெளியே இழுத்து உட்கார வைத்தேன். முதல் கிளை கையளவு தடிமன். பிசின் மணம்தான் வந்தது. எனக்கென்னவோ மக்கொல்லி வாடை அடித்த மாதிரி இருந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. கல்லின் கறுப்பு தெரிந்தது. ஐந்தாவதை அறுத்துத் தள்ளியதும் மதிய வெயில் நேராகக் கல்லில் விழுந்தது.

மழமழவென்று இழைத்த கறுப்புக் கருங்கல். மேலே ஒரு வரி செதுக்கியிருந்தது: 'திரும்பி வராதவர்கள்'. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. ஒரு எழுத்து, ஒரு கீறல் இல்லை. எங்கள் மூன்று பேர் முகம்தான் தெரிந்தது.

குமயே அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார். கல்லில் மூக்கு படுகிற அளவு. விரலால் இரண்டாவது வரிசை இருக்க வேண்டிய இடத்தில் இடமிருந்து வலமாகத் தடவினார். ஏழு வரை மெதுவாக எண்ணினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு இன்னும் சரியாப் படிக்க வரலியா?" என்று கேட்டார்.

என் வாழ்க்கையில் அதைப்போல ஒரு கேள்வி என்னை அடித்ததில்லை. அவர் தன் படிப்பைத்தான் சந்தேகப்பட்டார், என்னை இல்லை.

"இல்லம்மா," என்றேன். "உங்க படிப்பு சரிதான். கல்லுதான் காலி."

தோ தம்பி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு ஓடிப்போய்க் கல்லுக்குப் பின்னால் பார்த்தான். பின்பக்கம் இடமே இல்லாமல் எழுத்து: அமைப்புக் குழுத் தலைவர், துணைத் தலைவர்கள் ஐவர், ஆலோசகர்கள் பதினொருவர், கல் கொடுத்தவர், வடிவமைத்தவர். பிறகு தன் மேலதிகாரிக்குப் போன் போட்டான். பதற்றத்தில் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டான் போலிருக்கிறது, எங்களுக்கும் கேட்டது.

"சார், நாலாவது கல்லுல பேரே இல்ல சார்!"

"அதுவா?" என்றார் மேலதிகாரி, சாவகாசமாக. "பட்டியல் சரிபாக்கறதுக்குள்ள திறப்பு விழா வந்துடுச்சுப்பா. விழா தேர்தலுக்கு முன்னாடி நடக்கணுமே. காணாமப் போனவங்க விஷயம், ஆதாரம் அது இதுன்னு இழுத்துட்டே போச்சு. அதுக்குத்தானே மரத்தை அங்க நட்டது. ஏன், இப்ப யாரு பாத்தா?"

தோ தம்பி போனை அணைத்தான். அவன் காது சிவந்திருந்தது. நாலு வருஷமாக அந்தக் கையேட்டை அச்சுக்கு அனுப்புகிறவனே அவன்தான்.

குமயே அம்மா பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப நான் ஊத்தினதெல்லாம் யாரு குடிச்சா?" என்றார்.

நான் ரம்பத்தைக் கீழே வைத்தேன்.

"ஆறு வருஷம்! எங்கண்ணனுக்குன்னு நானே காய்ச்சி, ரெண்டு பஸ்ஸு மாறி, சிந்தாம தூக்கிட்டு வந்து... இந்த மரம் குடிச்சிருக்கு! குடிச்சுக் குடிச்சு எப்படிக் கொழுத்திருக்கு பாரு!" காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி மரத்தின் மேல் எறிந்தார். அது கிளைக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. தோ தம்பி ஓடிப்போய் எடுத்து வந்து, மண்டியிட்டு அவர் காலில் மாட்டிவிட்டான். அந்தப் பிள்ளை அன்றைக்குச் செய்த முதல் உருப்படியான வேலை அது.

அப்புறம் என்னிடம் கை நீட்டினார். "எழுத ஏதாவது குடு."

"அம்மா?"

"எனக்கு எழுதவும் தெரியும். படிக்க மட்டுமா சொல்லிக் குடுத்தாங்க?"

கறுப்புக் கல்லில் பேனா எடுபடாது. ஆனால் என் கொட்டகையில் இருந்ததே, பெரிய மனிதர்கள் பெயருக்கு அடிக்கிற வெள்ளைப் பெயின்ட், மெல்லிய தூரிகை. கொண்டு வந்து டப்பாவைத் திறந்தேன். தோ தம்பி வாயைத் திறந்து, "பொதுச் சொத்தை..." என்று ஆரம்பித்தான். பிறகு அவனே நிறுத்திக்கொண்டு, டப்பாவை வாங்கி அவர் எட்டுகிற உயரத்துக்குப் பிடித்துக்கொண்டான்.

கொரிய எழுத்தில் மூன்றே எழுத்து. பியோன், சாங், தே. அந்த மூன்றுக்கும் கால் மணி நேரம் ஆயிற்று. கை நடுங்கினால் நிறுத்துவார், மூச்சு விடுவார், மறுபடி தொடுவார். நகத்தளவெல்லாம் இல்லை, உள்ளங்கை அளவில், குழந்தை எழுத்து. இரண்டாவது எழுத்தின் அடியில் உள்ள வட்டத்தில் பெயின்ட் சற்று வழிந்து, ஒரு வால் முளைத்தது. துடைக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். விடு," என்றார். பின்னால் தள்ளி நின்று சத்தமாகப் படித்தார், பள்ளிக்கூடத்தில் படிக்கிற மாதிரி ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி. "பியோன். சாங். தே." பிறகு சேர்த்து ஒரு தடவை. பிறகு, "ஓப்பா," என்று அண்ணனைக் கூப்பிட்டார். அப்போதுதான் அழுதார். நானும் அழுதேன், தோ தம்பி பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினான்.

சூப் ஆறித்தான் போயிருந்தது. இருந்தாலும் பாயைக் கல்லுக்கு முன்னாலேயே விரித்து, அறுத்த கிளைகளை ஓரமாகத் தள்ளி, படையலைப் பரப்பினோம். முதல் கிண்ணம் மக்கொல்லியைக் கல்லின் அடியில், மரத்துப் பக்கம் ஒரு சொட்டுப் போகாமல் ஊற்றினார். இரண்டாவது கிண்ணம் ஊற்றும்போது வாசலில் கார்க் கதவு சாத்துகிற சத்தம், வரிசையாக ஏழெட்டு.

மாவட்டத் தலைவர் குக் தேயில் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்து வந்தார். பின்னால் பக்கத்து மாவட்டத்து உறுப்பினர்கள், போட்டோக்காரர், செயலாளர். "இப்ப பாக்கப் போறீங்க, மரத்துக்கும் மனசு உண்டுன்னு நான் சொன்னேன்ல..." என்று பேசிக்கொண்டு வந்தவர், அரைக்குடையாக நின்ற மரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாரு வெட்டினது?"

"நான்தாங்கய்யா," என்றேன்.

"நானும் இருந்தேன்," என்றான் தோ தம்பி. குரல் வெளியே வரவே இல்லை, ஆனாலும் சொன்னான்.

குக் தேயில் அரசியல்வாதி; மூன்று தடவை சும்மா ஜெயிக்கவில்லை. அவர் கண் மரத்திலிருந்து கல்லுக்கு, கல்லிலிருந்து வெள்ளை எழுத்துக்கு, எழுத்திலிருந்து கிழவிக்குப் போனது. விருந்தாளிகள் பார்க்கிறார்கள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது. அவ்வளவுதான், முகம் சட்டென்று இழவு வீட்டு முகமாக மாறிவிட்டது. வெள்ளைக் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து குமயே அம்மாவின் பெயின்ட் கையை இரண்டு கையாலும் பிடித்தார்.

"அம்மா! உங்களை மாதிரிக் குடும்பங்க தங்கள் கையாலேயே பேரு எழுதணும்னுதான் நான் இந்தக் கல்லை இத்தனை நாள் காலியா வச்சிருந்தேன்!"

தோ தம்பி அண்ணாந்து வானத்தைப் பார்த்தான்.

"இன்னொரு தடவை எழுதற மாதிரி நில்லுங்கம்மா," என்றார் போட்டோக்காரர். "தலைவர் உங்க கையைப் பிடிச்சிருக்கிற மாதிரி. தூரிகையைத் தூக்கிப் பிடிங்க. ரெண்டு பேரும் மரத்துப் பக்கம் கொஞ்சம் நகருங்க."

குமயே அம்மா நகர்ந்தார். நகர்ந்தபோது அவர் கண்ணில் பட்டது மரத்தடிக் கல். புதிதாகப் படிக்கக் கற்றவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு, எழுத்தைக் கண்டால் விட மாட்டார்கள். குனிந்து, விரலை வைத்து, எல்லாருக்கும் கேட்கப் படிக்க ஆரம்பித்தார்.

"மா. வட். டத். தலை. வர். குக். தே. யில்." நிமிர்ந்தார். "நல்லாப் பெரிசா எழுதியிருக்காங்க. பாவம். இவரு எந்தப் போர்ல காணாமப் போனாரு?"

பக்கத்து மாவட்டத்து உறுப்பினர் ஒருவர் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார். குக் தேயில் சிரிக்கப் பார்த்தார்.

"அது நான்தாம்மா."

குமயே அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். கையுறையைப் பார்த்தார், பளபளக்கிற ஷூவைப் பார்த்தார்.

"நீங்கதான் நல்லபடியாத் திரும்பி வந்துட்டீங்களே," என்றார். "அப்புறம் உங்களுக்கு எதுக்குக் கல்லு?"

போட்டோக்காரர் அன்றைக்கு அதற்குமேல் எடுக்கவில்லை. குமயே அம்மா பாயைச் சுருட்டி, உலர்ந்த மீனையும் சோற்றையும் தோ தம்பி கையில் திணித்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் ஏறிப் போனார்.

அடுத்த வாரமே மாவட்டச் செய்தித்தாளில் வந்தது: 'குடும்பத்தார் கையால் பெயர் எழுதும் திட்டம், மாவட்டத் தலைவரின் புது முயற்சி'. அதைப் படித்துவிட்டு எங்கெங்கிருந்தோ கிழவர்களும் கிழவிகளும் வந்தார்கள். ஒருவர் சக்கர நாற்காலியில் வந்தார். நான் தூரிகை கொடுத்தேன். டிசம்பருக்குள் பதினொரு பெயர் ஆயிற்று. டிசம்பரில் எனக்குக் கடிதம் வந்தது. மரப் பராமரிப்பில் குறைபாடு, ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கடிதத்தை தோ தம்பிதான் கொண்டு வந்தான். கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்று மன்னிப்புக் கேட்டான். உள்ளே கூப்பிட்டு நூடுல்ஸ் போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவன் மேல் என்ன கோபம்? கோபமெல்லாம் என் வாயின் மேல்தான்.

ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, வெளியே கொட்டுகிற பனி. அடியில் சூடேற்றிய தரையில் போர்வையைப் போர்த்திக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"உங்க பக்கம் பனி பயங்கரமாமே," என்றார் குமயே அம்மா. "பேரு இருக்கா?"

"இருக்கும்..." என்று வாய் பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டது. அதோடு நிறுத்தினேன். திங்கட்கிழமை. பழையதைப் பிடுங்கிப் புதியதை வைக்க லாரி வருகிற நாள்.

"போனை வைங்கம்மா. போய்ப் பாத்துட்டுக் கூப்பிடறேன்."

பூட்ஸை மாட்டிக்கொண்டு இறங்கினேன். வீட்டிலிருந்து பூங்காவுக்கு நாற்பது நிமிஷ நடை. அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வாசல் பூட்டியிருந்தது. பின்பக்க வேலியில் எனக்கு மட்டும் தெரிந்த இடம் ஒன்று உண்டு. லாரித் தடம் எதுவும் பனியில் இல்லை. நான்காவது கல் முழுக்க வெள்ளையாக மூடியிருந்தது. கையுறையைக் கழற்றி இரண்டாவது வரிசையைத் தேய்த்தேன். விரல் மரத்துப்போயிற்று. அங்கேயே நின்றுகொண்டு போன் போட்டேன்.

"இருக்கும்மா. மூணு எழுத்தும் அப்படியே இருக்கு. நடு எழுத்துல பெயின்ட் வழிஞ்சு வால் விட்டிருக்கே, அதுகூட அப்படியே இருக்கு."

அவர் மெதுவாகச் சிரித்தார்.

"இந்தத் தடவ நெஜமாவே போய்ப் பாத்திருக்க," என்றார்.